மூன்றாவது கடிதம்

லீட்ஸில், வங்கியின் நான்காம் மாடியில்
கடிதம் பிரிக்கிற வேலை எனக்கு.
இரண்டாயிரத்து ஆறு, இலையுதிர் காலம்.
சாக்குச் சாக்காக வந்தது தபால்.
மை வேறு, கையெழுத்து வேறு,
கேட்டது மட்டும் ஒன்று:
என் பணத்தை ஏன் எடுத்தீர்கள்?

கணினியில் மூன்று பதில்கள் தயார்.
வருந்துகிறோம், கட்டணம் முறையானதே என்பது முதலாவது.
பாதி தருகிறோம், கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்பது அடுத்தது.
மூன்றாவதைத் திறக்க
மேலாளர் நைஜல் தோர்ப்பின் கடவுச்சொல் வேண்டும்.
முதல் கடிதத்திலேயே
பத்தில் ஆறு பேர் ஓய்ந்துவிடுவார்கள்.
அவர்கள் கோப்பை மூடும்போது
குருவி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும்.
நாளெல்லாம் குருவிகள்.

கிளெனிஸ் ஹெப்வொர்த் ஓயவில்லை.
ரோதர்ஹாமில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.
மதிய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்.
வெளிச்சத்தில் பிடித்தால்
அவளுடைய கோபத்துக்கு ஊடே தெரிந்தது
'வெள்ளி: மீன், பட்டாணி.'

கதை இதுதான்.
எரிவாயுக்காரன் பணம் எடுக்க வந்த அன்று
கணக்கில் நான்கு பவுண்டு பன்னிரண்டு பென்ஸ் குறைவு.
சம்பளம் மறுநாள் காலை வரவிருந்தது.
திருப்பி அனுப்பிவிட்டு
முப்பத்தெட்டு பவுண்டு எடுத்துக்கொண்டோம்.
அந்த முப்பத்தெட்டு போனதால்
தண்ணீர் வரிக்குப் பணம் பற்றவில்லை.
அதற்கொரு முப்பத்தெட்டு.
தள்ளிய குதிரையே குழியும் பறித்தது.
ஆறு வருஷத்தில் ஐம்பத்திரண்டு முறை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு பவுண்டு.
நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

கடைசியில் ஒரு வரி:
'ஒருமுறை திருப்பி அனுப்ப
உங்களுக்கு ஆகிற செலவு என்ன?
பென்ஸில் சொன்னால் போதும்.'

நைஜலிடம் கேட்டேன்.
ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார்.
"அது தெரிந்தால் இந்த மாடி எதற்கு, கீத்?"

முதலாவதை அனுப்பினேன்.
பிறகு இரண்டாவதை.
அது கையொப்பம் இல்லாமல் திரும்பி வந்தது.
மேலே பென்சிலில் ஒரு கணக்கு:
பால் இவ்வளவு, கஸ்டர்ட் தூள் இவ்வளவு,
சர்க்கரை, அடுப்பு, என் கூலி,
ஒரு கிண்ணம் பதினோரு பென்ஸ்.
'என் கணக்கை எழுதிவிட்டேன்.
இனி நீங்கள் எழுதுங்கள்.'

நாங்கள் எழுதவில்லை.
நீதிமன்றத்தில் வழக்குப் பதிந்தாள்.
விசாரணைக்கு முந்தைய மாலை
நைஜல் ஒற்றை விரலால் கடவுச்சொல்லைத் தட்டினார்.
பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல்,
நல்லெண்ணத்தின் பேரில் மட்டும்,
முழுத்தொகையும்.

பணம் அவள் கணக்கில் விழுந்தது.
கணக்கோ ஆயிரத்து அறுநூறு பள்ளத்தில் கிடந்தது.
பள்ளமும் நாங்கள் வெட்டியதுதான்.
மேலே எட்டிப் பார்த்தது முந்நூற்று எழுபத்தாறு.
கோப்பை மூடினேன். குருவி கத்தியது.

பத்து நாள் கழித்து இன்னொரு உறை.
இம்முறை பட்டியலில் 'திங்கள்: ஆட்டிறைச்சிக் கூழ்.'
'கடிதம் வருமுன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேன்.
நீதிமன்றத்தில் உங்களுக்குப் போட்ட நாற்காலி காலி.
வழக்கு முடிந்தது என்று ஒரு பையன் சொன்னான்.
ஆனாலும் கொஞ்ச நேரம்
அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேனே.
போக வர பஸ்ஸுக்கு
மூன்று பவுண்டு இருபது.
சீட்டு இணைத்திருக்கிறேன்.'

நான்காவது பதில் எங்கள் கணினியில் இல்லை.

(எனக்கும் இதே வங்கிதான்.
போன மாதம் எனக்கும் ஒரு முப்பத்தெட்டு.
யாரிடமும் சொல்லவில்லை.)

சாப்பாட்டு நேரத்தில்
சட்டைப்பையில் இருந்த சில்லறையை எண்ணினேன்.
இருபது பென்ஸ் குறைந்தது.
வரவேற்பு மேசை பியூலாவிடம் கடன் வாங்கினேன்.
"எப்போது தருவாய்?" என்றுகூட அவள் கேட்கவில்லை.
வங்கிச் சின்னம் இல்லாத உறையாகத் தேடி எடுத்தேன்.
நாணயத்தின் கனத்தில் காகிதம் கிழியாமலிருக்க
ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.